குளத்தில் மிதந்த மேகம்

குளத்தை மூடியிருந்த நீலப்பச்சைப் பாசி வாடி அடியில் படிந்ததும், தண்ணீரில் மேகங்கள் மிதந்தன. தாகத்தோடு காத்திருந்த தாய் வாத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

"கடவுள் கண் திறந்துட்டார், வாங்க கண்ணுங்களா!" என்று குஞ்சுகளை அழைத்தது.

ஆய்வுக்கூடம் போய்விட்டு, மறுபடி தண்ணீர் மொள்ள வந்திருந்த கண்ணாடிப் புட்டி கரையிலிருந்து பதறியது.

"குடிச்சிடாதேக்கா! பாசியை வடிகட்டிட்டு, தெளிஞ்ச தண்ணியைத்தான் மெஷின்ல விட்டாங்க. பாசி சாகும்போது தண்ணியில கக்கின விஷத்தைக் காட்டுற கோடு மலையாட்டம் எழும்பிச்சு. காய்ச்சியும் பார்த்தாங்க, மலை கரையலை."

"போடா தம்பி, இவ்வளவு அழகான தண்ணியிலயா?"

"அந்தத் தண்ணி என் வயித்துல இருந்தப்போ நானும் அப்படித்தான் மயங்கினேன்."

சின்னக் குஞ்சு மேகத்தைக் கொத்தக் குனிந்தது. தாய் சட்டென்று குறுக்கே சிறகை விரித்தது. பிறகு தலையை நிமிர்த்தி, மேலே மிதந்த மேகத்திடம் மழை வேண்டத் தொடங்கியது.