ஹாமானுக்குப் போதுமான சத்தம்

“ஹாமான் என்ன ஈயா, காகிதத்தை ஆட்டி விரட்ட?”

ஜெபக்கூட நிர்வாகி ரெப் ஃபைவெல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இதைக் கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பெர்லாவின் பக்கம் முழுசாகத் திரும்பி நின்று மறுபடியும் கேட்டார்.

யூதர்களின் பூரிம் பண்டிகைக் காலை. வாசிப்பு தொடங்க இன்னும் அரை மணி நேரம். ஆண்ட்வெர்ப் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஜெபக்கூடத்தின் மேசை முழுக்க பெர்லா கொண்டுவந்த காகிதங்கள்.

மூன்று மாத வேலை.

பழைய சாமான் சந்தையில் காமிக்ஸ் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக வாங்கினாள். குண்டு வெடிக்கிற பக்கம், சுவர் இடிகிற பக்கம், வில்லன் மாடியிலிருந்து விழுகிற பக்கம் என்று தேடித் தேடிச் சத்தங்களை மட்டும் கத்தரித்தாள். டமார். டுமீல். கடகடகட.

‘டொக்’கை ஒதுக்கிவிட்டாள். அது கதவைத் தட்டுகிற சத்தம். நம் ஜனத்தை ஒரே நாளில் ஒழித்துக்கட்டப் பார்த்த மந்திரிக்கு அது போதாது.

ஒவ்வொரு சத்தத்தைச் சுற்றியும் வெள்ளைக் காகிதத்தில், சிறு கத்தியால் வெட்டிய சிங்கங்கள், மான்கள், திராட்சைக்கொடி. வீட்டின் கிழக்குச் சுவரில் மாட்டுகிற காகிதச் சித்திரங்களில் இருக்குமே, அதே சிங்கங்கள். பிடரியின் ஒவ்வொரு இழையும் தலைமுடி கனம்தான்.

ரெப் ஃபைவெல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைக்க மனம் வரவில்லை. அதைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

“கைவேலை பிரமாதம், இல்லேங்கல. ஆனா அவன் பேரை வாசிச்சா கூரை அதிரணும் பொண்ணே! அந்தப் பேரே காதுல விழக்கூடாது. அதுதான் முறை.”

“ஒரே ஒரு வாசிப்புக்கு விடுங்க, ரெப் ஃபைவெல். உங்களுக்கு ஒப்பலைன்னா நானே அடுப்புல போட்டுடறேன்.”

அவர் முனகினார். அது சம்மதம்தான்.

வாசிப்பவர் சுருளை விரித்து எஸ்தர் ராணியின் கதையைத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் ஒவ்வொரு வரியையும் கைகளால் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்பெஞ்சுகளில் இருந்த பத்தொன்பது பேரும் அவள் விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர்களில் ஒருவருக்கும் காது கேட்காது.

போன வருஷம் வரை, அந்தப் பெயர் வரும்போதெல்லாம் ஊரே எழுந்து கத்துவதைப் பார்த்தபடி மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர்கள். கூடத்தின் தரை கல். யார் தரையை உதைத்தாலும் அதிர்வு அவர்கள் பாதத்துக்கு வந்து சேராது.

மூன்றாம் அத்தியாயம். அந்தப் பெண்ணின் விரல்கள் ‘ஹாமான்’ என்றன.

பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு காகிதத்தோடு எழுந்தார்கள்.

டமார்! டுமீல்! கடகடகட!

தலைகளுக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாக வெடித்தது. வெட்டுகளுக்குள் புகுந்த வெயில் சுவரெங்கும் சிங்கங்களாக ஓடியது. எழுபது வயதுத் தையல்காரர் ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் தன் ‘டமார்’ காகிதத்தை உலுக்கினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

பின்வரிசைகளில் கத்துவதற்காக வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காகிதத்தின் சலசலப்பு மட்டும் கேட்டது.

அந்தப் பெயரை அமுக்கச் சுற்றும் மரக் கிலுகிலுப்பை ரெப் ஃபைவெலின் கையில் சுற்றவே இல்லை. அடுத்த முறை பெயர் வருவதற்குள் அதைக் கோட்டுப் பையில் திணித்துவிட்டு முன்னால் வந்து கையை நீட்டினார்.

“எனக்கும் ஒண்ணு குடு.”

வாசிப்பு முடிந்து எல்லோரும் பலகாரத் தட்டைச் சூழ்ந்தபோதும் அவர் தன் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. முகம் சிவந்து, மூச்சிரைக்க பெர்லாவிடம் வந்தார்.

“அம்மாடி, இத்தனையிலயும் எது நெசமாவே பெரிய சத்தம்? டமாரா, டுமீலா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த பெர்லா சிரித்தாள்.

“அதை நீங்கதான் சொல்லணும், ரெப் ஃபைவெல். எனக்கு எழுத்தோட உயரம்தான் தெரியும்.”