பேனல் பழகிய வீடு

மாமியாரோடு ஒத்துவராது என்றுதான் வெண்பா ஓசூருக்குத் தனிக்குடித்தனம் வந்தாள். வந்த கையோடு அவள் கணவன் கவின் மலிவாக ஒரு பழைய சோலார் பேனலை வாங்கி மாடியில் மாட்டினான். பேனல்கள் தாம் இருக்கும் வீட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, அதன்படி மட்டுமே கரண்ட் கொடுக்கிற காலம் அது. இது வேறு யார் வீட்டிலோ பழகியது.

கிரைண்டர் விடிகாலை ஐந்து மணிக்குத்தான் சுற்றியது. ஆறு மணிக்குப் போட்டால் அசையவில்லை. ராத்திரிப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை டிவி வரவில்லை. வெள்ளிக்கிழமையானால் கரண்ட் அடுப்பு கறிக்குழம்புக்குச் சூடாகவே மாட்டேன் என்றது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மாடியேறிப் பேனலின் அடியில் குனிந்து பார்த்தாள். விற்றவர்கள் ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள். ஆனால் சட்டத்தின் உள்விளிம்பில் பொறித்திருந்த எண்ணை மறந்துவிட்டார்கள். அதை வைத்துப் பழைய வீட்டைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். தர்மபுரியில் ஒரு பெண் எடுத்தாள்.

"அக்கா, உங்க பழைய பேனல் எங்ககிட்ட இருக்கு. உங்க வீட்டு நேரத்தை எப்படி மாத்துறது?"

"மாத்த முடியாதும்மா. அது எங்க மாமியார் பழக்குனது. இருபது வருஷம் பொறுத்தேன். அவங்க காரியம் முடிஞ்ச மறுநாளே கழட்டி வித்துட்டேன்."

வெண்பா மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். போனில் அந்தப் பெண்ணே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. மதியம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் எதைப் போட்டாலும் ஓடும். அப்ப அவங்க தூங்குவாங்க. அந்த ஒரு மணி நேரம் நான் பழக்குனது."