கண்ணாடித் தரை

அல்லிக்குப்பத்துக்கு அடியில் ரோமானியரின் பொதுக் குளியல் மண்டபம் கிடைத்தது. அதிகாரிகள் வீடுகளை இடிக்கவில்லை, தரையை மட்டும் கண்ணாடியாக மாற்றினார்கள். கீழே சுற்றிப் பார்ப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால், பாய் விரிக்கவும் தடை.

பிலோமினா நைட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கியபடியே சமைக்கப் பழகினாள். கீழிருந்து முகங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தன.

ஒரு காலையில் அவள் கணவன் அந்தோணிராஜ் வலிப்பு வந்து குப்புற விழுந்தான். அவன் வாய்நுரை கண்ணாடியில் பரவியது. கீழே நாற்பது பேர் கைபேசியை உயர்த்தினார்கள். ஒருத்தி அவன் முகத்துக்கு நேர் கீழே நின்று, சிரித்தபடி தன்னையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே பிலோமினா, படகுக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்ட்டைத் தரை முழுக்கப் பூசினாள்.

அதிகாரி வாசலுக்கு வந்தார். "இது குத்தம்மா. உடனே தொடைச்சிடுங்க."

"அங்கயே நில்லுங்க சார், இன்னும் காயல."

எதிர்வீட்டு ரோஸி அவரைத் தாண்டிக் காலி வாளியை நீட்டினாள்.

"மிச்சம் இருக்காக்கா?"