மூன்று பச்சைப் புள்ளிகள்

முதலில் ஏமாற்றியவன் டுவெய்ன்தான். அதை அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். அதனால் விர்ஜில் இரண்டு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதில் பொய் ஒன்றும் கிடையாது.

டுவெய்னின் துப்பாக்கிக் கடையில்தான் விர்ஜில் தன் கைத்துப்பாக்கிக்கு ட்ரிட்டியம் சைட் வாங்கி மாட்டினார். குறிபார்க்கிற இடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், இருட்டில் தாமாகவே ஒளிரும். வீட்டில் விளக்கை அணைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை.

மறுநாள், துப்பாக்கி சுடும் கிளப் ஆட்கள் நாலு பேர் கடையில் காபி குடிக்கிற நேரமாகப் பார்த்துப் போனார். டுவெய்ன் சைட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு துடைப்பம் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இருட்டில் ஒளிரும் சரக்கை அந்தக் கடையில் அங்கேதான் சோதிப்பார்கள்.

வெளியே வந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. பழைய சரக்கு, செத்துப்போச்சு, என் தப்புதான், புதுசு வந்ததும் தருகிறேன் என்றான், நாலு பேர் காதுபட. அதுவரைக்கும் ஆகட்டும் என்று ஒரு ஃபைபர் சைட்டைச் சும்மா மாட்டிக் கொடுத்தான்.

புதுசு இன்றுவரை வரவில்லை. கிளப்பில் இருட்டில் சுடும் விளக்கணைப்புப் போட்டிகள் இரண்டு வந்து போய்விட்டன. மூன்றாவது அடுத்த சனிக்கிழமை. இந்தத் தடவை விடுவதில்லை என்றுதான் விர்ஜில் காலையிலேயே கடைக்கு வந்தார்.

டுவெய்ன் டோனட் வாங்கப் போயிருந்தான். அவன் மனைவி ரோண்டா இருந்தாள். பக்கத்து மாவட்டத்து ஆள் ஒருவன், எந்த சைட் வாங்கலாம் என்று கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். விர்ஜிலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"தம்பி, பகல்ல ஃபைபர்தான் ராஜா. வெளிச்சத்தை வாங்கி முனையில நெருப்புத் துண்டு மாதிரி காட்டும். போன மாசப் போட்டியில நான் ஜெயிச்சதே அதுலதான். இருட்டுல அது வெறும் பிளாஸ்டிக் குச்சி. ட்ரிட்டியம் பகல்ல மங்கல்தான், ஆனா இருட்டுல அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா அணையும். இந்தக் கடையில வாங்கினா அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். வாங்கும்போதே அணைஞ்சுதான் இருக்கும்."

ரோண்டாவுக்குப் பொறுக்கவில்லை. கீழ் இழுப்பறையைத் திறந்து, விர்ஜிலின் பெயர் எழுதிய சின்ன உறையை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"அந்தச் செத்த சரக்கு இதுதான். நீங்களே காட்டுங்க, ஊரெல்லாம் பாக்கட்டும். ரெண்டு வருஷமா இதைத் தூக்கிப் போடாம எதுக்கு வச்சிருக்காரோ அந்த மனுஷன்."

வந்தவன் அதை எடுத்துக்கொண்டு துடைப்ப அறைக்குள் போனான். திரும்பி வந்து தலையைச் சொறிந்தான்.

"எரியுதே பெரியவரே. மூணு பச்சைப் புள்ளி. பூனைக் கண்ணு மாதிரி."

ரோண்டாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள்.

இரண்டு பேரும் கூட்டு என்று விர்ஜிலுக்குச் சிரிப்பு வந்தது. உறையைப் பிடுங்கிக்கொண்டு அவரே உள்ளே போய்க் கதவை இறுக்கிச் சாத்தினார்.

இருட்டு. கண் பழகட்டும் என்று நின்றார். நூறு வரைக்கும் எண்ணினார். சைட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார், பிறகு கையை நீட்டிப் பார்த்தார். இருட்டு இருட்டாகவே இருந்தது.

எதிரே வருகிற வண்டிக்காரன் எவனுக்கும் விளக்கைத் தாழ்த்தத் தெரியவில்லை என்று சொல்லி, பொழுது சாய்ந்த பிறகு வண்டி எடுப்பதையே அவர் நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று? விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு மேல்.

எல்ராய் நினைவுக்கு வந்தான். கண் சரியில்லை என்று காபி மேசையில் வாய்தவறிச் சொன்னான், அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அவனைச் சுடும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டப்பகலில் பீர் மூடியைச் சுட்டுத் தள்ளுகிறவன். இப்போது கிளப் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

வெளியே கதவு மணி கேட்டது. டுவெய்னின் குரல். கூடவே கிளப் ஆட்கள் இரண்டு பேரின் குரலும்.

ரோண்டா தாமதிக்கவில்லை. "டுவெய்ன், விர்ஜிலோட சைட்டு நல்லாத்தானே எரியுது? எதுக்கு ரெண்டு வருஷமா ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கிட்டுத் திரியறீங்க?"

விர்ஜில் இருட்டுக்குள் கதவில் காதை வைத்தார்.

"எந்த சைட்டு? கீழ் இழுப்பறையில இருந்ததா?" டுவெய்ன் காகிதப் பையை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. "அது வேற, ரோண்டா. உறை மாறிப்போச்சு. விர்ஜிலோடது செத்த சரக்குதான். நான்தான் பாக்காம வித்தேன். எத்தனை தடவை சொல்றது? டோனட் சாப்பிடுங்கப்பா, சூடு ஆறுது."

கிளப் ஆட்கள் சிரித்தார்கள். நீயெல்லாம் ஒரு கடைக்காரன் என்றான் ஒருவன்.

விர்ஜில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வெளிச்சம் கூசியது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரன் மட்டும் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

உறையை டுவெய்னின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை விர்ஜிலே மடக்கிவிட்டார். இரண்டு வருடம் முன்பு இதே அறைக்குள் அவனும் மூன்று புள்ளியைப் பார்த்திருப்பான்.

"புதுசு எப்ப வரும்?" என்றார், கிளப் ஆட்களுக்குக் கேட்கிற மாதிரி.

"இந்த வருஷம் கஷ்டம்தான், விர்ஜில்."

"சாகற வரைக்கும் நீ எனக்குக் கடன்காரன்தான், டுவெய்ன்" என்றார் விர்ஜில். "தந்துகிந்து தொலைச்சிடாதே."