வண்டிக்காரன் சொன்ன கதை

முதலில், பனியில் நின்ற குதிரையின் கதையை வண்டிக்காரன் சொன்னபோது சிரித்தார்கள். அடுத்து, அதையே குரு சொன்னபோது அழுதார்கள். பிறகு, அச்சுக் கோக்கும்போது வண்டிக்காரன் பெயரை வெட்டினார்கள். கடைசியில், அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்றார்கள். இதையெல்லாம் வரிசை மாறாமல் மனதில் வைத்திருந்தது, குருவை நம்பி வாழும் ஹசிதிய யூதர்களின் தொழுகைக் கூடத்தில் ஆணியில் தொங்கிய அவனுடைய சாட்டை.

கீழே மேசையில், குருவின் கதைகளை அச்சிட்ட புதுப் புத்தகம் மினுக்கிக்கொண்டு கிடந்தது.

"'இன்னாரிடம் கேட்டேன்' என்று சொல்லாமல் குரு எந்தக் கதையையும் தொடங்கமாட்டாரே! பனியில் நின்ற குதிரையின் கதையை அவர் யாரிடம் கேட்டார்?" என்றது சாட்டை.

"யாரிடமும் இல்லை. என் பக்கங்களில் இல்லாத வண்டிக்காரன் உலகத்திலேயே இல்லை. போடா, தோல்வாலே!" என்றது புத்தகம்.

பெஞ்சும் விளக்கும் சிரித்தன.

"பெரிய படிப்பாளியே, எழுத்து எங்கே இருந்தாலும் வாசிப்பாயா?" என்று கேட்டது சாட்டை.

"கொண்டுவந்து காட்டு. உரக்கவே வாசிக்கிறேன்."

சாட்டை ஆணியிலிருந்து நழுவி விழுந்து, கத்தியால் எழுத்துச் செதுக்கிய தன் பிடியைப் புத்தகத்தின் முன் நீட்டியது. விளக்கு கிட்டே குனிந்தது. பெஞ்சு சிரிப்பை நிறுத்தியது. புத்தகம் தயங்கித் தயங்கி எழுத்துக் கூட்டியது:

"வண்டிக்காரன் ஃபைவிஷ்."