கழுத்து அளவு

பழைய நூலில் கத்தரியை வைத்தவள், வெட்டாமல் அப்படியே நிறுத்தினாள்.

அம்மாவின் முத்துமாலை. அம்மா போனதிலிருந்து அப்பாவின் பீரோவில், நீலப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த மாலை. பூட்டிக் கிடந்ததாக அவள் நம்பிக்கொண்டிருந்த மாலை.

மகளின் கல்யாணத்துக்குப் புது நூலில் கோத்துக்கொள்கிறேன் என்று மாதக்கணக்கில் கெஞ்சி, கடைசியில் சண்டை போட்டுத்தான் அதை வாங்க முடிந்தது. இன்று காலை அப்பாவே கொண்டுவந்தார். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, செருப்பைக் கழற்றவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். பெட்டியை அவளுடைய வேலை மேசையில் வைத்துவிட்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருக்கிறார். கொஞ்ச காலமாகவே இப்படித்தான். 'தாத்தா எந்நேரமும் இன்டர்வியூவுக்குக் கிளம்பின மாதிரியே இருக்காரு' என்று பேத்தி கேலி செய்வாள்.

முத்து கோப்பதுதான் அவள் தொழில். மாலையோடு வருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடுவாள். சென்ட், பவுடர் எல்லாம் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் இதைக் கழற்றி மெல்லிய துணியால் துடையுங்கள். ஆனால் பெட்டியிலேயே போட்டு வைக்காதீர்கள், உடம்பில் படாமல் கிடந்தால் முத்து களை இழந்துவிடும்.

இந்த முத்துகள் களை இழக்கவில்லை. குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி மினுமினுத்தன. கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக வேறு இருந்தன. வெயிலில் வந்ததால் இருக்கும் என்று அப்போது நினைத்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

முத்துக்கு முத்து போட்டிருந்த முடிச்சுகள் வியர்வை ஊறிப் பழுப்பேறியிருந்தன. முடிச்சுகளின் இடுக்கில் பவுடர் அப்பியிருந்தது. அம்மா, பவுடர் போட்ட கழுத்தில் இந்த மாலையை ஒருநாளும் மாட்டியதில்லை.

கொக்கிப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

அங்கே யாரோ சட்டை தைக்கிற நூலை இரட்டையாக முறுக்கி, கன்னாபின்னாவென்று முடிச்சுப் போட்டு, மாலையை நீளமாக்கியிருந்தார்கள். அம்மாவுக்குக் குச்சிக் கழுத்து. அவளுக்கு இது தாராளமாகவே இருக்கும்.

இதைத் தினமும் போட்டுக்கொண்டிருப்பது வேறு யாரோ. கழுத்து பருத்த யாரோ.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாடி வீட்டு டீச்சரம்மா கண் முன்னால் வந்து நின்றாள். பேப்பர் வாங்கிப் போகிற சாக்கில் தினமும் அப்பாவிடம் வருகிறவள். புருஷன் இல்லாதவள். அவள் கழுத்தின் மடிப்புகளில் எப்போதும் பவுடர் கோடு கோடாகத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் கழுத்திலிருந்து தன் கையாலேயே கழற்றிய மாலை இது. அதை எடுத்து இன்னொருத்தி கழுத்தில் போட்டுப் பார்க்க இந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்தது?

“அப்பா, இத யாரு போட்டுக்கறாங்க?”

“பெட்டிலதாம்மா இருந்துச்சு.” அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

“பொய் சொல்லாதீங்க!”

அப்பாவிடம் அவள் இப்படிக் கத்தியதே இல்லை. கத்தரி கை தவறி மேசையில் விழுந்தது. மாலையைத் தூக்கி அந்தத் தையல் நூலை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

அவர் கை மெல்ல மேலே போனது. கழுத்துப் பட்டனைத் தடவித் தடவிக் கழற்றினார். பிறகு அடுத்ததையும்.

கழுத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டைத் தடங்கள். இப்போதுதான் எதையோ கழற்றிய மாதிரி சிவந்திருந்தன. அவற்றின்மேல் வியர்வையில் கரைந்த பவுடர்.

“நீதானேம்மா சொன்ன. பெட்டில வெச்சா செத்துப்போயிடும்னு.”

சொன்னாள்தான்.

அம்மாவின் புடவைகளை மடித்து வைத்த அன்று, அப்பா மாலையைப் பெட்டிக்குள் வைக்கும்போது சொன்னாள். இத யாராவது தினமும் போட்டுக்கணும்ப்பா, இல்லேன்னா செத்துப்போயிடும் என்று. எனக்குக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் ஜாடையாகச் சொன்ன பேச்சு.

அப்பாவுக்கு எந்தக் காலத்தில் ஜாடை புரிந்திருக்கிறது?

அவர் மறுபடியும் பட்டனைப் போடப் பார்த்தார். துளை அகப்படவில்லை. திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி குனிந்த தலை நிமிரவே இல்லை.

மகளுக்கு வேறு முத்து கோத்துக்கொள்ளலாம்.

அவள் இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்தாள். அவருக்குப் பின்னால் போய் நின்று, சட்டைக் காலரை விலக்கி, அந்தத் தடங்களின் மேலேயே டேப்பைச் சுற்றினாள். அழுத்தாமல் இருக்க, ஒரு விரலை உள்ளே விட்டுத் தளர்வாகவே அளவெடுத்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் வருகிறவர்களிடமெல்லாம் பாடுகிற அந்தப் பாட்டுதான் வந்தது.

“பவுடரெல்லாம் போட்டு முடிச்சிட்டு, கடைசியாத்தான் மாட்டணும்ப்பா.”