மூன்றாவது சத்தம்

"பாத்து விரிங்க சார். மூணாவது சத்தம் கேட்டப்புறம்தான் நம்பணும். அதுக்கு முன்னாடி அழுத்தினா விரல் மேலயே மடங்கிக்கும்" என்றாள் அகிலாண்டம்.

துரைக்கண்ணு கட்டைவிரலால் அலகை மெல்லத் தள்ளினார். டக். பாதி திறந்தது. டக். இன்னும் கொஞ்சம். டக். அலகு நேராக நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

பதினோரு வருஷமாகத் தேடிய மடக்குக் கத்தி. பூதலூரில், பழைய கொல்லுப்பட்டறைக்காரர் ஒருவரின் மருமகளுடைய தையல் மிஷின் டிராயரில் கிடந்திருக்கிறது.

"இதுல அப்படி என்ன சார் இருக்கு? நான் ஜாக்கெட் தையல் பிரிக்க வெச்சிருந்தேன்."

விளக்கம் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் துரைக்கண்ணு விடமாட்டார். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் மதகு ஷட்டர் பழுது பார்த்தவர்.

"இங்க பாருங்கம்மா. அலகோட அடியில மூணு பல்லு இருக்கா? பிடியோட முதுகுல இந்த எஃகுத் தகடு, இதுதான் வில்லு. விரிக்கும்போது வில்லு ஒவ்வொரு பல்லா ஏறி விழுது. அதான் சத்தம். மூணாவது பல்லுக்குப் பின்னாடி ஒரு பள்ளம். அதுல விழுந்தா பூட்டிக்கும். வெத்தலைக் கொடிக்கால்ல ஏணி மேல நிக்கிறவன் ஒரு கையால கொடியைப் பிடிச்சிருப்பான். குனிஞ்சு கத்தியைப் பாக்க முடியாது. சத்தத்தை எண்ணிட்டு வெட்டுவான்."

"மடக்கணும்னா?"

"இந்த வளையத்தை இழுத்தா வில்லு தூக்கிக்கும். சத்தமே வராது."

"எங்க மாமனாருக்கு இவ்வளவு மூளையா? வீட்டுல உப்பு டப்பா எங்கன்னு தெரியாது அவருக்கு."

துரைக்கண்ணு சிரித்துவிட்டார். விலை ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. கத்தியை மடக்கி, துடைத்துத் தரச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா. ஒருத்தருக்குச் சொல்லணும்."

ஒருத்தர் என்றால் நாகப்பட்டினம் ஜாஃபர் சாதிக். குடை ரிப்பேர் கடை வைத்திருந்து மூடியவர். திருவையாற்றில் ஒரு பழைய இரும்புக் கடையில், இதே மாதிரிக் கத்தியின் உடைந்த பிடியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்ததில் வந்த பழக்கம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் ஏதாவது ஓர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, முழுக் கத்தி யாரிடமாவது இருக்கிறதா என்று வீடு வீடாக விசாரிப்பார்கள். பூதலூருக்கு மட்டும் வந்ததில்லை. "அதை நான் தனியாவே அலசிட்டேன் சார்" என்று பாய் ஆறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். இன்றைக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வந்த இடத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் துரைக்கண்ணு இந்த வீட்டுக்கு வந்தார்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கத்தி கிடைத்துவிட்டது. சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை?

மனைவி போனபிறகு தஞ்சாவூர் வீட்டில் அவர் வாய் திறந்து பேசுவது காஸ் சிலிண்டர் வரும் நாளில்தான். மகள் செம்மொழி கனடாவில் இருக்கிறாள். இவர் நீளமாகப் பேசி அனுப்பினால், இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வரும். பாயுடன் கத்தியைத் தவிர வேறு எதையும் அவர் பேசியதில்லை. சும்மா வாங்க பாய், பேசிக்கிட்டிருப்போம் என்று ஒரு மனிதரைக் கூப்பிட அவருக்கு வராது.

"சொல்லுங்க சார். எங்க இருக்கீங்க?" என்றது மறுமுனை.

"பூதலூர்ல பாய். ஒரு கிரகப்பிரவேசம்."

பாய் சற்றுத் தயங்கினார். "பூதலூரா? ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல பாய். நீங்க சொன்ன மாதிரிதான். இங்க ஒண்ணும் இல்ல."

அந்த நேரம் பார்த்து அகிலாண்டம், எண்ணெய்த் துணியால் துடைப்பதற்காகக் கத்தியை விரித்தாள். டக். டக். டக்.

துரைக்கண்ணுவுக்கு வேர்த்துவிட்டது. குடை விரியும் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி ஒடிந்தது என்று சொல்கிற காது பாயினுடையது.

"பல்லி போலருக்கு" என்றார் பாய் கடைசியில்.

"ஆமா பாய். பல்லிதான்."

"சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை ஆவூர் பக்கம் போவோமா? சாப்பாடு நான் கொண்டாரேன்."

"வரேன் பாய். கண்டிப்பா வரேன்."

பேசி முடித்து நிமிர்ந்தபோது, அகிலாண்டம் கத்தியைக் காகிதத்தில் சுற்றியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டு இல்லன்னு சொல்றீங்களே சார்."

அவர் கத்தியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கத்தி வாங்குறவங்களுக்கெல்லாம் இதே வழக்கம் போல" என்று அவள் சிரித்தாள். "எங்க மாமனார் அடிச்சதுல ரெண்டுதான் வீட்டுல மிஞ்சிச்சு. இன்னொண்ணை ஆறு வருஷத்துக்கு முன்னாடி நாகப்பட்டினத்து பாய் ஒருத்தர் வாங்கினாரு. வாங்கின கையோட அவரும் இங்கயே உக்காந்து, துரைக்கண்ணுன்னு யாருக்கோ போன் போட்டு, 'பூதலூர்ல ஒண்ணும் இல்ல சார், நாம வேற ஊரு பாப்போம்'னாரு."